தங்கூசி முடிச்சுப் போட்ட இஞ்சிபியர்

"முத்தலிபு, வயசு இருபத்திநாலு, தோஹா."

வீட்டுக்கு எந்தச் செய்தி அனுப்பினாலும் அவன் இப்படித்தான் தொடங்குவான். அவன் வாயால் சொல்வான், போன் எழுதும். பெயர் இல்லாவிட்டால் உம்மா யாரோ என்று பயந்துவிடுவாள் என்பது அவன் பயம்.

அன்று பயப்படக் காரணம் இருந்தது. கற்பிட்டியில் தங்கச்சி மர்ளியாவின் நிக்காஹ் நாளைக் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மூன்று இடம் தட்டிப்போன பிறகு வந்த சம்பந்தம். தொண்டை எரிகிற இஞ்சிபியர் சோடா கொடுத்து அசத்துவோம் என்று ஈஸ்ட் அளவு வரை சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். "மூடி கழறாம கட்டுங்க" என்றும் சொல்லியிருந்தான்.

கடலுக்குப் போகிற வாப்பா, நாற்பது போத்தல் தக்கைகளையும் தங்கூசி என்கிற நைலோன் தூண்டில் நூலால் வலைமுடிச்சுப் போட்டு இறுக்கினார். சுறா இழுத்தாலும் அவிழாது. பிறகு குளிர்ச்சிக்காக வெங்காயப் பாத்தியின் ஈரமணலில் புதைத்தார். உள்ளே இஞ்சிபியர் மூன்று நாளாகப் பொங்கியது. காற்று வெளியேற வழியில்லை.

மர்ளியா ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்த போனில் முத்தலிபு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் வாப்பா அத்தாஉல்லா ஹாஜியார் பாத்தியோரம் நின்று, "நல்ல வெளச்சல்" என்றார்.

டமார்!

வெங்காயம் மழையாக விழுந்தது. இரண்டு வீட்டாரும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள். யுத்தம் முடிந்து எட்டு வருடமாகியும் முழங்கால்கள் அதை நம்பவில்லை. எல்லோரும் குப்புற விழுந்தார்கள். தோஹாவில் முத்தலிபும் கட்டிலுக்கடியில் கிடந்தான். சம்பந்தம் போச்சு என்று அழுகை வந்தது.

"என்ன அது?" ஹாஜியார் கத்தினார்.

"இஞ்சிபியர், ஹாஜியார்! இன்னும் முப்பத்தொம்பது இரிக்கி" என்றார் வாப்பா.

டமார்!

"முப்பத்தெட்டு."

எழும்ப யாருக்கும் துணிவில்லை. வந்த வேலையைப் படுத்தபடியே முடித்தார்கள்.

"பெருநாள் கழிஞ்சு ரெண்டாம் வெள்ளி?" என்று ஹாஜியார் கேட்டார்.

"ஓம், நல்ல நா..." டமார்! "...நாள்தான்" என்றார் வாப்பா.

மாப்பிள்ளையின் உம்மா கமீலா, கன்னத்தில் தெறித்ததை விரலால் வழித்து நக்கினாள். கண் கலங்கியது. "யா அல்லாஹ், என்ன உறைப்பு! கலியாணத்துக்கும் இதத்தான் குடுக்கணும். நானூறு போத்தல்."

"அதுக்கென்ன, நானே கட்டுறன்" என்றார் வாப்பா, மணலுக்குள்ளிருந்து.

முத்தலிபு கட்டிலுக்கடியிலேயே போனை வாயருகே பிடித்தான்.

"முத்தலிபு, வயசு இருபத்திநாலு, தோஹா. இத வாசிக்கிறது யாரா இருந்தாலும் சரி, கலியாணம் முடியும் வரைக்கும் வாப்பாட கையில தங்கூசியக் குடுக்காதீங்க."