கணவனின் குரலில்

ஸ்டூடியோவில் எல்லோரும் அவளை வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்டை அப்படி. விவாகரத்துக்குப் பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்தத் தொண்டைதான். ஆடியோ புத்தகங்களுக்குக் குரல் கொடுத்துவந்தாள்.

அன்று கைக்கு வந்தது ஒரு திகில் நாவல். புருஷனே சொல்வதுபோல எழுதிய கதை. பெண்டாட்டி சாவியை ஒளித்துவைத்துவிட்டு, "நீங்கதான் மறந்துட்டீங்க" என்று சாதிக்கிறாள். அணைத்த அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவன்மேல் பழி போடுகிறாள். கடைசியில் மாடிப்படியில் தானே விழுந்து சாகிறாள்.

இரண்டாவது அத்தியாயத்திலேயே வெண்கலத்துக்கு விளங்கிவிட்டது. புனைபெயருக்குப் பின்னால் இருப்பவன் அவளை விட்டுப்போன மனுஷன். எல்லாம் அவள் வீட்டில் நடந்தவை. ஒளித்தவனும் பற்றவைத்தவனும் அவன். எழுத்தில் எல்லாம் அவள் தலையில் விடிந்திருந்தது. அவளுடைய அம்மா செத்த அன்று அவள் அழுததைக்கூட விடவில்லை. "நடிப்பு" என்று ஒரு பக்கம் நிரப்பியிருந்தான்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். அவன் சொன்னால் ஊரே நம்பியது. அவள் சொன்னபோது கூடப்பிறந்த அண்ணனே நம்பவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவுப் பையன், "என்னக்கா, நிறுத்திட்டீங்க?" என்றான்.

"ஒண்ணுமில்ல. முதல்லேர்ந்து போகலாம்."

ஒரு எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை. புருஷனின் பேச்சை மட்டும் அவனுடைய நிஜக் குரலில் பேசினாள். அவன் கத்துகிற ஆள் இல்லை. குரலைத் தாழ்த்தி, தேன் தடவி, கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுப்பான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது மாதிரி. "உனக்கு உடம்பு சரியில்லம்மா… நான் பாத்துக்கறேன்…"

ஒலிப்பதிவுப் பையன் பதிவை நிறுத்தினான். "அக்கா, கதையில இவர் நல்லவர்தானே? கேட்டா குலை நடுங்குதே."

"மாத்திப் படிக்கவா?"

"ஐயோ, வேண்டாம்!"

புத்தகம் வெளிவந்ததும் கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே எழுதினார்கள்: அவள் விழவில்லை, அவன்தான் தள்ளிவிட்டான். கொலைகாரனையே கதை சொல்லவிட்ட எழுத்தாளருக்கு என்ன துணிச்சல்! விற்ற விற்பனையில் பதிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனும் கேட்டிருந்தான். "அது மாப்பிள்ளை குரல் மாதிரியே இருக்கே… உங்கிட்ட இப்படித்தான் பேசுவாரா?" என்றான் போனில்.

"இப்பவாவது காதுல விழுந்துச்சே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் புருஷனாக இருந்தவனே கூப்பிட்டான். "என் புத்தகத்தை நாசம் பண்ணிட்டே."

"ஒரு வார்த்தை மாத்தியிருந்தா காட்டுங்க."

"அது என் குரல்!"

"அது யாருக்குத் தெரியும்? நீங்களே போய்ச் சொன்னாத்தான் உண்டு."

அவன் பதிப்பாளரிடம் ஓடினான். நன்றாக விற்பதை யாராவது மாற்றுவார்களா என்று அவர் சிரித்துவிட்டு, வாசகர் கூட்டம் ஒன்றையும் ஏற்பாடு செய்தார். வர மாட்டேன் என்று சொல்ல அவனிடம் காரணம் இல்லை. மேடையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

வெண்கலம் ஒரு அத்தியாயம் வாசித்து முடித்தாள். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், இப்படி ஒரு ஆளை இவ்வளவு நுணுக்கமா எப்படி எழுத முடிஞ்சுது? பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"

அவன் கழுத்துப் பட்டனை நெருடினான். பேசினால் அந்தக் குரல்தான் வரும்.

வெண்கலம் மைக்கை மெல்ல அவன் பக்கம் திருப்பிவைத்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "எல்லாரும் கேக்கறாங்க."