கஞ்சி போட்ட பாட்டு

சகலை வாங்கிய கார் மாதேஷை ஒன்றும் செய்யவில்லை. சகலை கட்டிய வீடும் ஒன்றும் செய்யவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாட்டுப்பெட்டிதான் அவன் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் கதிர் வீட்டு விருந்து. கதிர், மாதேஷின் மனைவி அகல்யாவுக்கு அக்கா புருஷன். பேங்கில் வேலை, வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குப் பசித்துவிடும். அப்பேர்ப்பட்ட ஆள், கறிச்சோறு முடிந்ததும் புதிதாக வாங்கிய ஆடியோ பிளேயரை எடுத்து, இயர்போனை அகல்யாவிடம் நீட்டினார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பாட்டு முடிந்தும் திறக்கவில்லை.

"பாடறவங்க மூச்ச இழுக்கறது கூடக் கேக்குதுங்க மாமா. பக்கத்துல உக்காந்து பாடறாப்பல இருக்குதுங்க."

கல்யாணமான நாளிலிருந்து மாதேஷும்தான் என்னென்னவோ வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஒன்றுக்காவது இப்படிக் கண்ணை மூடியிருப்பாளா? கொலுசு வாங்கித் தந்தால், "ம், நல்லாருக்குதுங்க." அவ்வளவுதான். வெண்ணந்தூர் திரும்பும் வழியெல்லாம் கியரை உடைத்துவிடுவான் போல வண்டியை ஓட்டினான்.

கதிருடையதைவிட ஒரு படி உசத்தியான பிளேயர் அடுத்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டது. போனில் கிடந்த பாட்டையெல்லாம் அதில் ஏற்றி அகல்யாவின் காதில் மாட்டினான். "ம், நல்லாருக்குதுங்க" என்று கழற்றி வைத்துவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள்.

பெட்டி நன்றாக இருந்தால் போதாது, உள்ளே போடுகிற பாட்டும் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. கதிர் ஒவ்வொரு ஆல்பமாக முறையாக விலை கொடுத்து வாங்கி இறக்குகிறவர். எங்கே வாங்குகிறார் என்று ஒரு போன் போட்டுக் கேட்டால் தீர்ந்தது. கேட்பானா? நாக்கைப் பிடுங்கிக்கொள்வானே தவிர, கேட்கமாட்டான். டெலிகிராமில் ஒரு குரூப்பைத் தேடிப் பிடித்தான். 'ஹை ரெசல்யூஷன், ஸ்டுடியோ தரம்' என்று வரிசையாகக் கொட்டிக் கிடந்தது. அதில் எது நல்லது, எது மட்டம்? அங்கேதான் தறிக்காரப் புத்தி முந்திக்கொண்டது. தறி ஓட்டிக்கொண்டே துணி வியாபாரமும் செய்கிறவன், பாட்டையும் எடை போட்டு எடுத்தான். கதிரிடம் ஒரு பாட்டின் ஃபைல் சைஸ் நாற்பது எம்பி என்று அன்றைக்கே ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தான். அதே பாட்டு இங்கே இருநூறு எம்பி. மனசுக்குள் ஒரு குத்தாட்டமே போட்டுவிட்டான்.

மாரியம்மன் பண்டிகைக்குக் கதிர் குடும்பத்தோடு வெண்ணந்தூர் வந்தார். தறிகளையெல்லாம் நிறுத்தியிருந்ததால் தெருவே அமைதியாக இருந்தது.

"உங்குளுது நாப்பது, சகலை. நம்முளுது எரநூறு. கேட்டுப் பாருங்க."

கதிர் கேட்டார். "நல்லாருக்குதுங்க சகலை" என்றார். அந்த இழுவை மாதேஷுக்குப் பிடிக்கவில்லை. வெடுக்கென்று இயர்போனை வாங்கி அகல்யாவிடம் கொடுத்தான். அவள் கண்ணை மூடவேயில்லை.

"மூச்சு இல்லீங்களே."

"எரநூறு எம்பி அகல்யா."

கதிர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சின்ன ஃபைலையே பெருசா மாத்தி உட்டிருப்பாங்க சகலை. ஒருக்காச் சுருக்கறப்பப் போனது திரும்ப வராதுங்க. சைஸ் மட்டுந்தான் ஏறும்."

"கஞ்சி போட்டு எடையேத்துன துணியாட்டங்களா மாமா?" என்றாள் அகல்யா.

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் சுருக்கென்று தைத்தது. கஞ்சியேற்றிக் கனமாக்கிய துணியைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்து, அனுப்பியவனை வாயில் வந்தபடி ஏசி, லோடையே திருப்பி அனுப்பியவன் மாதேஷ். அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவனும் அவன்தான்.

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது. மூச்சாம், மூச்சு" என்று எரிந்து விழுந்தான்.

கதிருக்கு நல்லவேளையாகப் போன் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனார். அகல்யா கதிரின் பிளேயரை எடுத்து, இயர்போனின் ஒரு முனையைத் தன் காதிலும் மறு முனையை அவன் காதிலும் வைத்தாள்.

"மூச்சு வாரப்ப வெரலத் தூக்குங்க."

பாட்டு ஓடியது. அவள் விரல் எழுந்தது. அவனுக்குக் குரல் கேட்டது, மிருதங்கம் கேட்டது. மூச்சு? ஒரு மண்ணும் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே தறி இரைச்சலுக்கு நடுவில் கிடந்த காது. அவள் விரலைப் பார்த்துப் பார்த்து, சற்றே பின்னால் தன் விரலைத் தூக்கினான். மறுபடி எழுந்தது, மறுபடி தூக்கினான். அடுத்ததற்கும் தூக்கினான். அப்புறம்தான் உறைத்தது, குரல் எப்போதோ நின்று வீணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இல்லாத மூச்சுக்கு அவள் வேண்டுமென்றே விரலைத் தூக்கியிருக்கிறாள்.

அகல்யா விரலை மடக்கிக்கொண்டாள். அவன் காதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கதிர் உள்ளே வந்தார். "என்னங்க சகலை, கேட்டுதுங்களா?"

மாதேஷ் வாயைத் திறப்பதற்குள் அகல்யா பேசினாள். "நல்லாக் கேட்டுதுங்க மாமா. எங்கூட்டுக்காரருக்கு என்னைய உடச் சுத்தமாக் கேக்குதுங்க. நான் உட்ட எடத்தக்கூடப் புடிச்சுட்டாரு."

"அப்படீங்களா? எனக்கே அங்கங்க தப்பிப் போகுதுங்க" என்றார் கதிர். அவர் முகத்தில் லேசாக ஒரு பொறாமை தெரிந்தது.

கதிருக்கு முன்னால் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வராதா என்றுதானே இத்தனை பாடும் பட்டான். வந்துவிட்டது. முழுக்கக் கஞ்சி என்று தொட்ட மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்தது. இந்த லோடைத் திருப்பி அனுப்ப மாதேஷால் முடியவில்லை.