பன்னிரண்டாவது ஈயப்பை

பெட்டியில் பதினொன்றுதான் இருந்தது. காலியாக இருந்த பன்னிரண்டாவது குழிக்குள் அண்ணி விரலை விட்டுப் பார்த்தார், கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தட்டுப்படும் என்பதுபோல.

"எண்ணித்தானே வச்ச?"

"நீங்களுந்தான் அண்ணி கையெழுத்துப் போட்டீங்க."

"நீ பன்னெண்டுன்ன. நான் போட்டேன்."

"அப்ப நீங்க எண்ணல."

அண்ணி குழியிலிருந்து விரலை எடுத்தார். அவர் என் கணவனின் அக்கா. பத்தொன்பது பேர் வேலை செய்யும் இந்த ராக்கெட் கம்பெனியின் முதலாளி. எங்கள் ராக்கெட் பூமியைச் சுற்றாது. நூறு கிலோமீட்டர் உயரத்துக்குப் போய், மூன்று நிமிடம் எடையில்லாமல் மிதந்துவிட்டுத் திரும்பி விழும். எஞ்சின் எரிவது எழுபது விநாடி மட்டுமே. மற்றதெல்லாம் விழுவதுதான். அந்த விழுதலுக்கான பாராசூட்டை மடிப்பவள் நான். நாளை மறுநாள் முதன்முதலாக அதை நம்பி விழப்போகிற விமானி, எட்டு மாதம் முன்பு என்னை விட்டுப்போன என் கணவன். மடிக்க வேறு ஆள் இல்லை. ஏறவும் வேறு ஆள் இல்லை.

இந்தப் பைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நைலான் துணி வழுக்கும். பதினான்கு மீட்டர் மேசையில் ஒரு மடிப்பை வைத்துவிட்டு அடுத்ததற்கு நகர்வதற்குள் முந்தையது தானாக எழுந்துவிடும். அதை அமுக்கி வைக்கத்தான் உள்ளங்கை அகலத்தில் இந்த அரைக்கிலோ பைகள், உள்ளே ஈயக்குண்டுகள். ஒரு பை மடிப்புக்குள் தங்கிவிட்டால் போதும், பாராசூட் விரியும் வேகத்தில் அது கவண்கல்லாகித் துணியைக் கிழித்துக்கொண்டு போகும். அதனால்தான் பன்னிரண்டு குழி வைத்த பெட்டி. பெட்டி நிறைந்த பிறகே பாராசூட் மூட்டையின் வாயைச் சிவப்பு நூலால் தைக்க வேண்டும். அதன்மேல் இரண்டு கையெழுத்து.

"நான்தான் அப்பவே சொன்னேனேக்கா." அவன் கதவோரம் நின்றிருந்தான், பறக்கும்போது போடும் நீல உடுப்பில். "சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சொன்னதுக்கே பதினஞ்சு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டவ. இவ மடிச்சதுல நான் விழணுமா?"

"உங்க சட்டைய பதினோரு வருஷம் மடிச்சேன். ஒண்ணாவது கிழிஞ்சுதா?"

"ரெண்டு பேரும் வாய மூடுறீங்களா?" என்றார் அண்ணி. "பிரி."

தைத்த மூட்டையைப் பிரிக்கச் சொல்வது, மடித்தவளின் கன்னத்தில் அறைவது மாதிரி. ஆனால் கத்தரிக்கோலை எடுக்க நான் தயங்கியது அதனால் இல்லை. அடுத்த வாரம் எங்கள் வழக்கு வருகிறது. மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கு. அவன் மனுவின் ஏழாவது பத்தியில், நான் கவனக்குறைவானவள், குழந்தையை நம்பி ஒப்படைக்கத் தகுதியற்றவள் என்று தட்டச்சடித்திருக்கிறது. பை உள்ளே இருந்தால் அந்தப் பத்திக்கு அரைக்கிலோ எடையில் சாட்சி. நான் எண்ணினேன். எண்ணினேன் என்பது நிச்சயம். ஆனால் நூலை வெட்டும்போது, எண்ணிய நாளை நினைவில் தேடினால் அதற்கு முந்தைய நாளும் அதற்கு முந்தைய நாளும் அதோடு கலந்து வந்தன.

துணி மேசை நெடுக விரிந்தது. சேர்த்துத் தைத்த நாற்பத்தெட்டுத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தடவினேன். என் கை போன இடமெல்லாம் அவன் கண்ணும் வந்தது.

பை இல்லை.

அண்ணி மூச்சை விட்டார். "சரி, உள்ள இல்ல. அது போதும். மறுபடி மடிச்சுத் தச்சிரு."

"பெட்டி நெறையாம நான் நூல் கோக்க மாட்டேன்."

"என்னம்மா அடம்? அதான் இல்லன்னு பாத்தாச்சே!"

"இது நீங்க எழுதின விதி அண்ணி."

மேசைக்கடியில், அலமாரிக்குப் பின்னால், குப்பைக்கூடையில் எல்லாம் அண்ணியும் நானும் தேடினோம். கிடைக்கவில்லை. "மடிக்க ஆரம்பி. சாயங்காலம் வரேன். அதுக்குள்ள அது கெடச்சாகணும்" என்று சொல்லிவிட்டு அண்ணி கீழே இறங்கினார். துணியின் உச்சி வளையத்தை இழுத்துப் பிடிக்க எப்போதும் வெல்டர்தான் வருவார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

"நீங்களே பிடிங்க. கண்ணால பாத்தா நம்பிக்கை வரும்ல?"

அவன் மேசையின் மறுகோடிக்கு நடந்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அடிக்கொரு தரம் மெல்லிய சரசரப்பு, ஈரமணலைக் குலுக்கியதுபோல. ஆறு வருடமாக என் கைக்குள் கேட்கும் சத்தம் அது. அவன் உடுப்பின் இடது தொடைப் பாக்கெட் கனத்துத் தொங்கியது. நேற்று இருக்கை வார் அளவு பார்க்க இந்த அறை வழியாகத்தான் போனான்.

மாடிப்படியை நோக்கி ஒரு குரல் கொடுத்தால் போதும். அவன் ஏறுவது நின்றுவிடும். ஏழாவது பத்தியும் கிழிந்துவிடும். வாயைத் திறந்தும்விட்டேன்.

அவன் பிடித்திருந்த வளையம் மேசை விளிம்பில் தடதடத்தது.

என்னை மாட்டிவிடுவதுதான் நோக்கம் என்றால், பிரிக்கும் குழப்பத்தில் பையை மடிப்புக்குள் நழுவ விட்டிருக்கலாம். செய்யவில்லை. தன் கண்ணெதிரே ஒருமுறை பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நானே பிரித்துக் காட்டியிருப்பேன். பயந்தவன் என்ற பெயரைவிட, என்னைக் கொலைகாரியாக்குவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதை நான் இரக்கத்தோடு சொல்லவில்லை.

"கெட்டியாப் பிடிங்க. தொய்யுது."

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

அதன்பிறகு ஏழு மணி நேரம் நாங்கள் பேசியது எண்கள் மட்டுமே. அவன் இழுத்துப் பிடித்தான், நான் நீவினேன், மடித்தேன், பை வைத்தேன். ஒருமுறை தண்ணீர் கேட்டான். குழாயைக் கையால் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பைகள் மேசைமேல் வரிசையாக உட்கார்ந்தன. பதினொன்றும் தீர்ந்தபோது ஒரு மடிப்பு மிச்சமிருந்தது. அதை இடது கையால் அமுக்கினேன். விரலை எடுத்தால் எழுந்துவிடும்.

கீழே அண்ணி யாருடனோ காற்றின் வேகத்தைப் பற்றிக் கத்திப் பேசுவது கேட்டது. பிறகு இரும்புப் படியில் அவர் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

வலது கையை மேசை நெடுக அவன் பக்கம் நீட்டினேன், உள்ளங்கை மேல்நோக்கி. அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பன்னெண்டு" என்றேன்.

படியில் பாதி தூரத்தில் செருப்புச் சத்தம் நின்றது; அண்ணி மூச்சு வாங்கினார். துணியின் ஓரம் என் விரலுக்கடியில் மெல்ல எழப் பார்த்தது. மேசையின் மறுகோடியில் ஈயக்குண்டுகள் சரசரத்தன.