பத்து நாள் மடிப்பு மேஜை

அன்று ஷெட்டில் இருந்தவர்கள்: மருதாசலமாகிய நான், என் மனைவி கண்ணம்மாள், மகன் குணா, மருமகள் மதுமதி, முப்பது வருடமாக எங்களிடம் காலண்டரிங் இயந்திரம் ஓட்டும் ராக்கையா. வேறு யாரும் இல்லை. பிறகு பக்கத்து நல்லூர் வரைக்கும் பலர் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் போலப் பேசியதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஷெட் முதலிபாளையத்தில். காலண்டரிங் இயந்திரத்தில் பனியன் துணியை நீராவி காட்டிச் சுருக்கம் எடுக்கிறோம். கோடையில் அந்த இயந்திரத்தருகே நிற்பது எல்லோராலும் ஆகாது. அதனால் என் தகப்பனார் ஒரு சட்டம் வைத்தார். புதிதாக வருபவரும், ஊருக்குப் போய் நாள்கணக்கில் தங்கித் திரும்புபவரும் முதலில் பத்து நாள் மடிப்பு மேஜையில்தான் நிற்கவேண்டும். இடையில் முதல் நாள் கால் மணி நேரம் மட்டும் நீராவி. பிறகு தினமும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். எங்கள் ஷெட்டில் இதுவரை ஒருவர்கூட வெக்கையில் சுருண்டதில்லை. குடும்பத்துக்கு அது ஒரு பேர்.

வைகாசியில், கோத்தகிரி மகள் வீட்டில் ஒன்றரை மாதம் ஸ்வெட்டரோடு இருந்துவிட்டு வந்தவன், அன்று நேராக இயந்திரத்துக்குப் போனேன்.

"அய்யா, மடிப்பு மேசை அந்தப் பக்கம்ல கெடக்கு," என்றார் ராக்கையா.

"சட்டம் உங்களுக்கு, ராக்கையா. நான் இந்த வெக்கையிலயே வளந்தவன்."

"ஏனுங் மாமா, கோத்தகிரிக் குளிரு உங்களை மட்டும் தொடலீங்களா?" என்று மதுமதி சிரித்தாள்.

இருபது நிமிடம் நின்றேன். நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போலிருந்தது. இடது கை கனத்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். குணா என் முகத்தைப் பார்த்தான். உடனே ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்தான்.

இதயக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இவ்வளவு அடைப்புக்கு இதயத் தசை குறைவாகவே கெட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. என் தொழிலைக் கேட்டபின் மேலும் சொன்னார்: எலிகளை ஒரு மாதம் வெப்பத்தில் பழக்கினால், ரத்த ஓட்டம் குறையும்போது அவற்றின் இதயம் கூடுதலாகத் தாங்குகிறது. வெப்பத்தை விட்டு விலகிச் சில வாரம் இருந்தால் அந்தத் தெம்பு போய்விடுகிறது. மறுபடி பழக்கினால் சீக்கிரம் திரும்புகிறது.

"அப்ப என்னைக் காப்பாத்துனது எங்க வெக்கைதானுங்களே?"

"எலிக்குச் சொன்னேங்க. மனுசனுக்கு இன்னும் அப்படி உறுதியாச் சொல்ல முடியாது. உங்க பையன் உடனே கூட்டிட்டு வந்தாரே, அதைச் சொல்லுங்க."

குணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

படுக்கையில் என்னை உறுத்தியது நோயல்ல. முதலாளியே உடைத்த சட்டத்தை இனி யார் மதிப்பார்கள்? ஒருவர் விழுந்தால்கூட அப்பா சம்பாதித்த பேர் போய்விடும்.

ஐப்பசியில் டாக்டரம்மா, மெதுவாகப் பழகுவதானால் போகலாம் என்றார். எல்லோரும் பார்க்க மடிப்பு மேஜையில் போய் நின்றேன்.

"ஊட்டுல ஒரு துண்டு மடிச்சதில்லீங்க இவரு," என்றாள் கண்ணம்மாள்.

எனக்கு நீராவி பத்தே நிமிடம். ராக்கையா செல்போனில் அலாரம் வைத்திருந்தார். அது அடித்ததும், "போதும்யா, வெளிய வாங்க," என்றார். வந்தேன்.

மறுநாள் ஊரிலிருந்து திரும்பிய எங்கள் தொழிலாளி முனீஸ், யாரும் சொல்லாமலே என் எதிரில் நின்று துணி மடித்தான். அன்று மதியம் நிறைவாகச் சாப்பிட்டேன்.

மகன் பாகம் கேட்டதால்தான் நான் விழுந்தேன் என்று நல்லூரில் ஒரு பேச்சு உலவுகிறது. குணா பாகம் கேட்கவில்லை. நான் விழவும் இல்லை, உட்கார்ந்தேன்.