கறுப்பு வெள்ளையில் ஒரு சிவப்பு உதடு

1

மனித முகத்துக்கு எதையும் பூசத் தேவையில்லை என்பதை இந்தக் கதை சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும். இது அச்சேறிய மறுநாள் முதல் உலகத்தில் பவுடர் டப்பா விற்காது.

இப்படித் தொடங்கியவன் கல்லூரி இதழில் கேலிக் கட்டுரை எழுதுகிற மாணவன். கதைக்குள் அவனை எழுதுகிறவன் என்றே வைத்துக்கொள்வோம். 'நான்' என்று போட்டால் அக்கா நேராக வந்து கேள்வி கேட்பாள்.

கதை பிறந்த விதம் இது: இதழாசிரியர் ஒரு கதை கேட்டார், கூடவே எழுதுகிறவனின் புகைப்படமும் கேட்டார். கதைக்கு அக்கா கிடைத்தாள். புகைப்படத்துக்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. (அது பிறகு.)

2

முதல் முயற்சி: 'அவள் விரல் நுனிகளில் ஒரு யுகத்தின் சோகம் படிந்—'

அது சோகமில்லை, ஃபவுண்டேஷன் என்றாள் அக்கா. அடித்தாயிற்று.

உள்ளது உள்ளபடி: அக்கா ஓர் அழகு நிலையத்தில் ஒப்பனை செய்கிறவள். யார் போய் உட்கார்ந்தாலும் ஒரே வெள்ளையாக்கி அனுப்பும் இடம் அது. ஃபேஷன் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்று ஒப்பனைக்கு ஆள் தேடியது. தேர்வு எளிது: ஒரே மாடலுக்கு இரண்டு ஒப்பனை. பூசியதே தெரியாத இயல்பான முகம் ஒன்று, பழைய காலத்து முகம் ஒன்று. விடுப்புக் கேட்டபோது நிலையத்து மேடம், போவதானால் போ, திரும்பி வரும்போது உன் இடத்தில் வேறொருத்தி இருப்பாள் என்று சொல்லிவிட்டார். அக்கா போனாள். ஸ்டூடியோவும் இல்லையென்றால் அவளுக்கு எதுவும் இல்லை.

அதற்கு முன் வாரக்கணக்கில் பழைய ஃபேஷன் பத்திரிகைகளைக் கிழித்துக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பல் துலக்கும்போதுகூட அந்தக் கன்னங்களில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்ப்பாள். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினால் காப்பி, கதவைப் பார்த்துப் பூசினால் இன்ஸ்பிரேஷனா என்று எழுதுகிறவன் கேட்டான். பூசியது தெரியக்கூடாதென்றால் பூசாமலே இருந்துவிடலாமே என்றும் கேட்டான்.

"உன் கட்டுரைய எத்தன தடவ அடிச்சு எழுதுற? படிக்கும்போது அடிச்சது தெரியுதா?" என்றாள் அக்கா.

(இதற்கு அவனிடம் அபாரமான பதில் ஒன்று இருந்தது. கதையின் நீளம் கருதி விடப்படுகிறது.)

3

தேர்வன்று ஒப்பனைப் பெட்டி தூக்க எழுதுகிறவன் கூடப் போனான். இயல்பான முகத்தைப் பார்த்துப் புகைப்படக்காரர் "ம்" என்றார்.*

அடுத்தது பழைய முகம். கதவின் நடுவில் இருந்த படத்தை அக்கா கையோடு கொண்டுவந்திருந்தாள். தொப்பி வைத்த பெண், கறுப்பு வெள்ளைப் படம், உதடு கிட்டத்தட்டக் கறுப்பு. அதற்கென்று கருநாவல் நிறத்தில் லிப்ஸ்டிக் தேடி வாங்கியிருந்தாள். பூசி முடித்து விளக்கைப் போட்டாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த முகம் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது.

மாடல் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "நல்லாதானே இருந்தேன்" என்றாள்.

* 'ம்' என்பதை நல்லவிதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். அக்கா எடுத்துக்கொள்ளவில்லை.

4

புகைப்படக்காரர்தான் கதையின் வில்லனோ என்று எழுதுகிறவனுக்குச் சந்தேகம் உண்டு. 'மீசையை முறுக்கியபடி ஏளனமாக—' என்று எழுதிப் பார்த்தான். அவருக்கு மீசை இல்லை. ஏளனமும் இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். லைட்டுகளை இடம் மாற்றி முடிப்பதற்குள் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார்.

'அக்காவின் கண்களில் நீர் திர—' இல்லை. அழுதால் கை நடுங்கும் என்று அழவில்லையாம்.

"கைய நீட்டுடா."

"எதுக்கு?"

"நீட்டு."

பெட்டியில் இருந்த சிவப்புகளை எல்லாம் எழுதுகிறவனின் முழங்கைவரை கோடு கோடாக இழுத்தாள். போனில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் படமெடுத்து, தொப்பிக்காரியின் பக்கத்தில் பிடித்தாள். பின்னால் ஒரு லைட் நகரும் சத்தம். கருநாவல் கோடு தார் பூசியது போலிருந்தது. கண்ணைப் பறிக்கிறது என்று அவளே ஒதுக்கிவைத்திருந்த பளிச் சிவப்புதான் அந்த உதட்டின் கறுப்போடு அப்படியே பொருந்தியது.

"அவ கறுப்பு பூசவே இல்ல. படம்தான் கறுப்பாக்கியிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாடலின் உதட்டைத் துடைத்தாள். மறுபடி வரைந்தாள். கடைசி லைட் திரும்பியபோதுதான் கையை எடுத்தாள்.

புகைப்படக்காரர் படமெடுத்தார். இன்னும் எடுத்தார். சாயங்காலம் போன் பண்ணுவதாகச் சொன்னார். எதுவாக இருந்தாலும் பண்ணுவாராம்.

5

முடிவுகள்:

போன் வருகிறது, வேலை கிடைக்கிறது, அக்கா துள்ளிக் குதிக்கிறாள். (அக்கா துள்ளி அவன் பார்த்ததில்லை. நம்பும்படி இல்லை.)

போன் வருகிறது, 'அடுத்த தடவ பாக்கலாம்மா' என்கிறது. மறுநாள் அக்கா மேடத்தின் முன்னால் போய் நின்று—

இந்த இடத்தில் அக்கா தாளைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள். "நடக்கறதுக்கு முன்னாடி எழுதாத."

6

இப்போது சாயங்காலம். போன் மேசைமேல் கிடக்கிறது. அக்கா அதைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பிரஷ்களைக் கழுவினாள், கழுவியவற்றையே மறுபடி கழுவினாள். இதழாசிரியர் புகைப்படத்தை நினைவூட்டிவிட்டார். எழுதுகிறவன் எடுத்துப் பார்த்த படம் எல்லாவற்றிலும் ஜாமீனில் வந்தவன் போலவே விழுந்திருக்கிறான்.

அவன் கதவிலிருந்து ஒரு படத்தைப் பிய்த்தான். இயல்பான முகம். நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் எதிரே உட்கார்ந்தான்.

"இந்த மாதிரி," என்றான் மெதுவாக. "பூசினதே தெரியக்கூடாது."

அக்கா சிரிக்கவில்லை. கைக்கு ஒரு வேலை கிடைத்தது போதும் என்பதுபோல் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "ஆடாத."

ஆடாமல், மடியில் தாளை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறான். ஒரு கன்னம் முடிந்துவிட்டது. மறு கன்னத்தில் அக்காவின் விரல் பாதி வழியில் இருக்கும்போது போன் அடிக்கிறது.

திரையில் ஸ்டூடியோ நம்பர். விரல் அவன் கன்னத்திலேயே நின்றுவிட்டது. அவளுக்கு இரண்டு கையிலும் பூச்சு. அவன் ஆடக்கூடாது.

மேசைக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். எடுங்கள்.