ஒரு நூல் உள்ளே

கமலாட்சிக்குக் கை நடுங்குகிறது என்று மேஸ்திரி பீர் முகைதீன் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னபோது அவளுக்குக் காது மடல் சுட்டது.

பர்மாவில், கியாக்டடா பேட்டையில் பொன்னுத்துரையின் துப்பாக்கிக் கடை. அதன் பின்கட்டில், சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, புதிதாக மருந்து நிரப்பி, மறுபடி ரைபிள் தோட்டா ஆக்குவார்கள். கூட்டின் வாயில் குண்டை வைத்துக் கைப்பிடியை அழுத்தி இறக்குவது கமலாட்சியின் வேலை. எவ்வளவு ஆழம் என்பது அச்சின் தலையிலிருக்கும் திருகைப் பொறுத்தது. நிதானமான கைக்கே அந்த இடம். நடுங்குகிற கை என்று பெயர் விழுந்துவிட்டால் கூடு கழுவும் தொட்டிக்குத்தான் போகவேண்டும்.

நடந்ததும் சின்ன விஷயமில்லை. தேக்குக் குத்தகைக்காரர் ஊ பா சேன், காட்டெருது எதிரே நிற்கையில் தோட்டாவைப் போட்டிருக்கிறார், குழாயை அடைக்கும் போல்ட் மூடிக்கொள்ளவில்லை. பலங்கொண்டு இழுத்ததில் கூடு மட்டும் கையோடு வர, குண்டு குழாயில் மாட்டிக்கொண்டது. மருந்தெல்லாம் துப்பாக்கிக்குள் கொட்டிவிட்டது. மரமேறிப் பிழைத்த மனிதர், பர்மாப் பாஷையில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மிச்சத் தோட்டாக்களை மேசையில் கொட்டிப் போனார். எல்லாவற்றிலும் குண்டு கூட்டுக்கு வெளியே அளவுக்கு மேல் நீண்டு நின்றது.

எல்லாவற்றிலும். அதுதான் கமலாட்சிக்குப் பொறுக்கவில்லை. அவள் தோட்டாக்களை ஒரே வரிசையாக நிறுத்தினாள். தலைகள் மட்டமாக நின்றன. நடுங்குகிற கை என்றால் ஒன்று ஏறி ஒன்று இறங்கியல்லவா இருக்கும்? முதலாளி பொன்னுத்துரை குனிந்து பார்த்தார். அவர் முன்னிலையிலேயே அவள் கேட்டாள்.

"மூக்கு நீண்ட குண்டு புதுசா வந்தப்போ என்னா சொன்னீங்க மேஸ்திரி?"

"ஒரு நூல் உள்ள எறக்குன்னேன். நீ எங்க கேட்ட?"

"ஒரு நூல்தான் எறக்குனேன்."

"இதுவா ஒரு நூலு? கண்ணுல பீளையா ஒனக்கு?"

"எவ்வளவுன்னு காட்டுங்க."

அவர் இரண்டு விரல்களை நெருக்கிக் காட்டினார். நடுவில் இரண்டு அரிசி புகும். அலோன் மரப்பட்டறையில் தச்சுவேலை செய்துவிட்டு வந்தவர் அவர். தச்சருக்கு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ரவிக்கை தைத்துக் கொண்டிருந்துவிட்டு வந்தவள் கமலாட்சி. ஊசியில் கோக்கிற நூலின் கனத்துக்கே திருகை அசைத்திருந்தாள். முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி மேசையில் வைத்தாள்.

"எனக்கு நூலுன்னா இதான்."

பொன்னுத்துரை சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தக் குண்டில் செய்த முதல் தோட்டாவைத் துப்பாக்கியில் போட்டு மூடிப் பார்த்தீரா என்று மேஸ்திரியைக் கேட்டார். அது மேஸ்திரியின் வேலை. அன்று கடைத் துப்பாக்கி வெளியே போயிருந்ததாம். அப்படியானால் தோட்டாவை ஏன் வெளியே அனுப்பினீர் என்றதும் மேஸ்திரி மேசைமேலிருந்த இழையை விரலால் உருட்டினார். இனிமேல் நூல் வேண்டாம், அங்குலத்தில் சொல்லும் என்று தீர்த்துவிட்டு, முதலாளி கமலாட்சியை இடத்துக்குப் போகச் சொன்னார்.

அவள் நகரவில்லை.

"கை நடுங்குதுன்னு சொன்னாரே முதலாளி. அது அப்படியே நிக்குதே."

"கோவத்துல சொன்னதும்மா," என்றார் மேஸ்திரி.

"காட்டுல மரமேறினவரு கோவப்படலாம். நீங்க எதுக்குக் கோவப்பட்டீங்க?"

மேஸ்திரி சுவரைப் பார்த்து, கமலாட்சி கை நல்ல கைதான் என்று முணுமுணுத்தார்.

தொட்டியடியிலிருந்து அஸ்மாவின் குரல் வந்தது: "இங்க கேக்கல பாய். மொதல்ல சொன்னது நல்லாக் கேட்டுச்சு."

கூடு கழுவுகிற பெண்கள் சிரித்தார்கள். பீர் முகைதீன் முகம் சிவக்க, அதையே உரக்கச் சொன்னார். கமலாட்சி போய் உட்கார்ந்தாள். திருகைத் தொடவில்லை. மேஸ்திரி வந்து தன் கையாலேயே அதை அங்குலக் கணக்கில் வைத்து, முதல் தோட்டாவையும் தானே அழுத்தித் துப்பாக்கியில் போட்டு, போல்ட் மூடிக் காட்டும்வரை கைகளை மடியில் வைத்தபடியே இருந்தாள்.