திறக்காத இழுப்பறை

புதன்கிழமை நாலு மணிக்குச் சலவை நிலையத்தில் இயந்திரங்கள் நிற்கும். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள் அவை ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சல் அடங்குவதற்குள் மடிப்பக்கா துணி அடுக்கும் மேசையைத் துடைத்து, சாயம் போன விரிப்பு ஒன்றைப் போட்டு, நடுவில் பிஸ்கெட் டப்பாவை வைத்துவிடுவாள்.

அவள் அங்கே இஸ்திரி போடுகிறவள். அவள் தேய்த்த சட்டைக் கையின் மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம் என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பெயர் மாறிவிட்டது. பதினாறு வருடத்தில் அவள் கையிலிருந்து கசங்கிய பொருள் எதுவும் வெளியே போனதில்லை. வீட்டிலும் அப்படித்தான். கைக்குட்டை, கரித்துணி, ஒருமுறை கணவரின் மின்சார பில்லைக்கூடத் தேய்த்துக் கொடுத்திருக்கிறாள்.

டப்பாவுக்குள் பிஸ்கெட் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள் நாலு பேர்: நிலையத்தின் முதலாளியம்மா, எதிர்க்கடை மருந்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், மடிப்பக்கா. வாரம் ஒருவர் சீட்டு எழுதிப் போடுவார், இன்னொருவர் எடுத்துப் படிப்பார். அதில் உள்ளபடி ஆளுக்கொரு வாழ்த்து அட்டை செய்ய வேண்டும். 'மூன்று கிழிசல், ஒரு நூல், நீலம் கூடாது' என்று ஒரு வாரம் வரும். 'இன்று காலை கேட்ட சத்தத்தை ஒட்டு' என்று ஒரு வாரம் வந்தது. சத்தத்தை எப்படி ஒட்டுவது என்று கண்டக்டர் அரை மணி நேரம் தலையைச் சொறிந்தார். கடைசியில் பழைய டிக்கெட்டுகளைக் கிழித்து விசிறி மாதிரி ஒட்டினார். டர்ரென்று கிழிக்கிற சத்தமாம்.

எதையும் கடையில் வாங்கக் கூடாது என்பது முதல் விதி. அறுந்து விழுந்த பொத்தான், காலி மாத்திரை அட்டை, உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் சேரும் சாம்பல் நிறப் பஞ்சு, எல்லாம் மேசைக்கு வரும். இரண்டாவது விதிதான் கடுமையானது. செய்த அட்டை அடுத்த புதனுக்குள் யாருக்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். வீட்டில் வைத்து அழகு பார்க்கக் கூடாது. ஆரம்பத்தில் கண்டக்டர் வீட்டுச் சுவரில் நாற்பது அட்டைகள் ஏறிவிட்டன. "இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இதுங்க இருக்கணும்" என்று அவர் மனைவி சொன்ன பிறகு போட்ட விதி அது.

அந்த வாரச் சீட்டை மருந்துக்காரர் எழுதியிருந்தார். முதலாளியம்மா எடுத்துப் படித்தாள்.

"அட்டையில் ஒரு பை வை. நேரில் சொல்லாமல் விட்டதை அதற்குள் போடு."

"இவருக்கு எதையும் கவர்ல போட்டுக் குடுத்தாத்தான் திருப்தி" என்றார் கண்டக்டர்.

"மேல மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதிடலாமா?" என்றாள் முதலாளியம்மா.

"கிண்டல் பண்ணுங்க. இதை யோசிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு" என்றார் மருந்துக்காரர்.

மடிப்பக்கா சிரிக்கவில்லை. சீட்டைக் கேட்டதுமே அவளுக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

கணவரின் தங்கை. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பதைத் தொடப்போகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிகளை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துகிறாள். மாதம் ஒரு ஞாயிறு அண்ணன் வீட்டுக்கு வருவாள். வந்தால் உட்கார மாட்டாள். நேரே சமையலறைக்குள் போய் அலமாரி டப்பாக்களை இடம் மாற்றி, உயரம் பார்த்து வரிசை கட்டுவாள். அவள் போன பிறகு ஒரு வாரத்துக்கு மடிப்பக்கா டீயில் உப்புப் போட்டுக்கொண்டிருப்பாள். பல வருடம் இது சிரித்துக்கொண்டே கடந்த விஷயம்தான். பதினோரு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சலும் தலைவலியுமாகக் கிடந்த மடிப்பக்கா வாயை விட்டுவிட்டாள்.

"உனக்குன்னு ஒரு குடும்பம் இருந்தா அங்க போய் அடுக்கு."

சிட்டு கையிலிருந்த சர்க்கரை டப்பாவை உச்சித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போட்டு வைத்த டீ ஆறிப்போய்க் கிடந்தது.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. அண்ணனும் தங்கையும் போனில் பேசிக்கொள்வார்கள். அவர் வாசலுக்குப் போய் நின்று பேசிவிட்டு, யாரோ விலாசம் கேட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வருவார். போன வாரம்தான் அவர் வாயிலிருந்து ஒரு செய்தி வந்தது. சிட்டுவைக் கடையின் புதுக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். ரயிலில் ஒன்றரை நாள் தூரம். மாதக் கடைசியில் கிளம்புகிறாள். அவ்வளவு தூரம் போய்விட்டால் இந்த மௌனமே பழகிவிடும் என்று மடிப்பக்காவுக்குப் பயமாக இருந்தது.

அட்டைப் பெட்டி ஒன்றின் மேல்தாளை உரித்து, உள்ளே இருந்த நெளிநெளியான தாளில் மூன்று பட்டைகள் வெட்டினாள். அவை அலமாரித் தட்டுகள். மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளில் டப்பாக்கள். ஓரத்தில் ஒரு டீக் கெண்டி, அதன் மூக்கிலிருந்து எழும்பும் ஆவிக்கு உலர்த்தியின் பஞ்சு. டப்பாக்களை உயரம் பார்த்து, சிட்டு அடுக்குகிறபடியே ஒட்டினாள். அடியில் பழுப்புத் தாளில் ஓர் இழுப்பறை. அதுதான் பை. மூன்று பக்கம் ஒட்டி, மேல் பக்கத்தைத் திறப்பாக விட்டாள்.

எழுதுவதற்கு, சலவைக்கு வரும் துணியில் நம்பர் போட்டுக் குத்துகிற டோக்கனை எடுத்தாள். அது தண்ணீரில் கிழியாது, அதில் எழுதுகிற மையும் எத்தனை துவைப்புக்கும் போகாது. மூன்று வரி எழுதுவதற்குள் ஏழு டோக்கன் வீணாயிற்று.

"என்ன அவ்வளவு பொடியா எழுதறே?" என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"நம்பர் போடறேன்."

"யாரு சட்டைக்கு?"

"சட்டை இல்ல. உங்க வாயைத் துவைக்கப் போடறதுக்கு."

எட்டாவது டோக்கனைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதி இழுப்பறைக்குள் நழுவவிட்டாள். பஞ்சு உதிராமல் இருக்கப் பசையில் தண்ணீர் கலந்து அட்டை முழுக்க ஒரு பூச்சுக் கொடுத்தாள். ஈரத்தில் அட்டை கொஞ்சம் வளைந்தது. வளைந்த ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. மேலே மெல்லிய துணியைப் போட்டு, சூட்டைக் குறைத்து, இஸ்திரிப் பெட்டியை மெதுவாக ஓட்டினாள். அட்டை பலகை போல நிமிர்ந்தது. மறுநாள் காலை தபாலில் சேர்த்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை மருந்துக்காரர்தான் பேச்சை எடுத்தார்.

"நான் முதல்ல செஞ்சது பாழாப் போச்சு. பையோட வாயில பசை இறங்கி ஒட்டிக்கிச்சு. உள்ள போட்டது உள்ளேயே. நல்ல வேளை, அனுப்பறதுக்கு முன்னாடி இழுத்துப் பார்த்தேன்."

மடிப்பக்கா விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"பசை மேல சூடு பட்டா என்ன ஆகும்?"

"அப்புறம் அது பை இல்ல, சுவரு."

"என்ன மடிப்பு, ஏன் முகம் இப்படிப் போகுது?" என்றாள் முதலாளியம்மா.

"நான் அதைத் தேய்ச்சேங்க."

கண்டக்டர் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விஷயத்தை அவள் சொல்லச் சொல்ல மற்ற மூவருக்கும் அதன் விபரீதம் விளங்கியது. டோக்கன் வெளியே வராவிட்டால் அந்த அட்டையில் மிஞ்சுவது ஒழுங்காக அடுக்கிய ஒரு சமையலறை அலமாரி. குடும்பம் இல்லை என்று யாரைக் குத்திக் காட்டினாளோ அவளுக்கே அதை அனுப்பியிருக்கிறாள்.

"போன் பண்ணிச் சொல்லிடு" என்றாள் முதலாளியம்மா.

"என்னன்னு? உள்ள மன்னிப்பு இருக்கு, கத்திரிச்சு எடுத்துக்கோன்னா?"

"அதைச் சொல்ற நேரத்துக்கு மன்னிப்பையே கேட்டுடலாமே" என்றார் மருந்துக்காரர்.

"அது முடிஞ்சா நான் எதுக்குங்க அட்டை செய்யறேன்?"

அன்று மாலை கணவர் வாசலில் பேசிவிட்டு உள்ளே வந்தபோது அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அட்டை போய்ச் சேர்ந்துச்சாங்க?"

"ம். அலமாரி படம் வந்திருக்குன்னா."

"வேற?"

"ரொம்ப ஒழுங்கா இருக்குன்னா."

"எந்தக் குரல்ல சொன்னா?"

"போன்ல எல்லாக் குரலும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்" என்று அவர் நழுவிவிட்டார்.

வியாழக்கிழமை அவளே போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை சிட்டு எடுத்தாள். "கடையில ஆள் இருக்காங்க அண்ணி" என்று வைத்துவிட்டாள். அந்த 'அண்ணி'யைப் பிடித்துக்கொண்டு மடிப்பக்கா சனிக்கிழமையை ஓட்டினாள். முப்பத்திரண்டு சட்டைகள் தேய்த்தாள், இரண்டில் காலர் மடிப்புத் தவறியது.

ஞாயிறு பத்தரை மணிக்கு வாசலில் சிட்டு நின்றாள். தோளில் பை, கையில் பழுப்பு உறை. அண்ணன்காரர், "பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினார். ஃபிரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது.

சிட்டு உறையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதைத் திருப்பி அனுப்பிடலாம்னுதான் நினைச்சேன் அண்ணி. ஒரு தடவை குத்தினது போதாதுன்னு படம் வரைஞ்சு வேற குத்தறாங்களேன்னு இருந்துச்சு."

மடிப்பக்கா அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அப்புறம் இந்த டப்பாவெல்லாம் எதுல செஞ்சீங்கன்னு பார்க்கலாம்னு, கண்ணாடியில கீறல் பார்க்கற கடை விளக்குல வெச்சேன். எங்க விளக்குக்கு எதுவும் தப்பாது. மாத்திரை பேரே தெரிஞ்சுது, வயித்துவலி மாத்திரை. கீழ பார்த்தா, இழுப்பறைக்குள்ள ஏதோ நிழல்."

"டோக்கன்."

"ஏதோ எழுத்துன்னு தெரிஞ்சுது, என்ன எழுத்துன்னு தெரியலை. பிளேடு கைக்கிட்டேயே இருந்துச்சு. வெட்ட மனசு வரலை, வேலை அவ்வளவு சுத்தம். இழுப்பறையை எதுக்கு ஒட்டினீங்க?"

"ஒட்டலை. தேய்ச்சேன்."

"அட்டையையா?"

"வளைஞ்சிருந்துச்சு."

சிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகையோ என்று மடிப்பக்கா ஓரடி முன்னால் வந்தாள். அழுகை இல்லை.

இஸ்திரிப் பெட்டி சூடானது. நனைத்துப் பிழிந்த துணியை இழுப்பறை மேல் போட்டு, பெட்டியைத் தொட்டும் தொடாமலும் பிடித்து ஆவி ஏற்றினாள் மடிப்பக்கா. சிட்டு தன் பஸ் பாஸை எடுத்து, அதன் ஓரத்தைத் தாளுக்கடியில் நுழைத்தாள். மயிரிழை கனம் பார்த்துப் பழகிய கை. இவள் ஆவி கொடுக்க, அவள் நெம்ப, விரற்கடை விரற்கடையாகப் பசை விட்டுக்கொடுத்தது. இழுப்பறை வாய் திறந்தது. டோக்கன் ஈரமாக வந்தது, ஒரு எழுத்தும் கலையவில்லை.

சிட்டு அதைப் படிக்காமல் அண்ணி பக்கம் தள்ளினாள்.

"நீங்க படிங்க."

"உனக்குத்தானே எழுதினேன், நீயே படியேன்."

"அன்னிக்கு எழுதியா குடுத்தீங்க? வாயாலதானே சொன்னீங்க. இதையும் வாயாலயே சொல்லுங்க."

மடிப்பக்கா டோக்கனைக் கையில் எடுத்தாள். தன் கையெழுத்தே அந்நியமாகத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"நான் சொன்னது தப்பு. இது உன் வீடும்தான். நீ கடைசியா வெச்ச சர்க்கரை டப்பாவை இன்னும் நகர்த்தலை."

படித்து முடித்தபின் டோக்கனை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். சிட்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். உச்சித் தட்டின் ஓரத்தில், விழுந்துவிடும் போல டப்பா இருந்தது. அடியில் ஒரு முக்காலி.

"இது மேல ஏறியா தினமும் சர்க்கரை எடுக்கறீங்க?"

"ஆமா."

"பதினோரு மாசமாவா?"

"நீ வெச்ச இடமாச்சே."

"அண்ணி, உங்களை என்ன பண்றது. கீழ்த்தட்டைத் துடைக்கறதுக்காக அதை ஒரு நிமிஷம் அங்க வெச்சேன்."

பால் பாக்கெட்டோடு அண்ணன் திரும்பி வந்தபோது டப்பாக்கள் எல்லாம் தரையில் இருந்தன. மனைவி ஈரத்துணியைப் பிழிந்து நீட்டிக்கொண்டிருந்தாள், தங்கை முக்காலிமேல் நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பாலை வைக்க இடம் தேடி, கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தார்.

"புது ஊர்ல சமையலறையோட வீடு குடுக்கறாங்களாம்" என்றாள் சிட்டு மேலிருந்து. "ஒரு வாரம் லீவு போட்டுட்டு வாங்க. வந்து உங்க இஷ்டத்துக்கு ஏறுக்கு மாறா அடுக்கிட்டுப் போங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"சொல்லுவே."

"ஆமா, சொல்லுவேன்."

சாயங்காலம் கிளம்பும்போது சிட்டு டோக்கனை இழுப்பறைக்குள் போட்டு, இழுத்துப் பார்த்து, திரும்பவும் போட்டாள். ஆவி பட்டதில் அட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மடிப்பக்காவின் கை தன்னால் பெட்டிப் பக்கம் போயிற்று.

"அண்ணி" என்றாள் சிட்டு, அட்டையைப் பைக்குள் வைத்தபடி. "தொடாதீங்க."